ஹோகனின் 'டார்க் சைடு' டெஸ்ட்: மேனேஜர் ஆக்குவதற்கு முன் இதை வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே ஆட்களை வைத்து வேலை வாங்கும் பொறுப்பில் இருக்கும் ஒருவர், நெருக்கடி வரும்போது தன் குணம் எப்படி மாறுகிறது, அதனால் யார் அடிபடுகிறார்கள் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினால், ஹோகன் டெவலப்மென்ட் சர்வே என்ற இந்த டெஸ்ட் கொடுத்த காசுக்குக் குறைவில்லாத பொருள். அதுவே, கெட்ட குணம் உள்ள ஆளை முன்கூட்டியே கண்டுபிடித்துப் பதவிக்கு வராமல் தடுத்துவிடலாம் என்று நினைத்து வாங்குகிறீர்கள் என்றால், அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை இந்த டெஸ்டும் செய்யாது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டெஸ்டுகளும் செய்யாது. அதைச் செய்யக்கூடியவர்கள் அந்த ஆளுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள்தான். அவர்களிடம்தான் பெரும்பாலான கம்பெனிகள் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.

நான் கோவைப் பக்கம் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலையில் இருக்கிறேன். பிளான்ட் ஹெட், துறை மேனேஜர் பதவிகளுக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்காமல் உள்ளேயிருந்தே உயர்த்துவது என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, ஒரு கன்சல்டன்சி மூலமாக இந்த டெஸ்ட் எங்களிடம் வந்தது. நானும் எழுதினேன். எழுதியவர்கள், அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள், அறிக்கையை விளக்கிச் சொன்னவர் என எல்லோரிடமும் பேசியிருக்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, பொருள் என்ன? அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊரில், ராபர்ட் ஹோகன், ஜாய்ஸ் ஹோகன் என்ற உளவியலாளர் தம்பதி 1987ல் தொடங்கிய நிறுவனம் இது. அவர்களிடம் முக்கியமாக மூன்று டெஸ்டுகள். மனசு நிதானமாக இருக்கும் சாதாரண நாளில் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு ஒன்று, அவரை உள்ளே எது ஓட வைக்கிறது என்பதற்கு ஒன்று. மூன்றாவதுதான் 1997ல் வந்த இந்த டெவலப்மென்ட் சர்வே. தூக்கம் கெட்டு, டெலிவரி தேதி தாண்டி, கஸ்டமர் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது, அல்லது தன்னைக் கேட்க ஆளில்லை என்று ஒருவர் அசந்திருக்கும்போது வெளியே வரும் குணங்களை இது அளக்கிறது. மொத்தம் சுமார் 170 வாக்கியங்கள், ஒவ்வொன்றும் தனக்குப் பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டும், ஆன்லைனில் பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். விடையாக 11 குணங்களில் 11 மதிப்பெண்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று உட்பிரிவுகள்.

இலவச டெஸ்டுகளைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆர்வம் வரும் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெல்ராய் பால்ஹஸ், கெவின் வில்லியம்ஸ் இருவரும் 2002ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாசிசம், மேக்கியவெல்லியனிசம், சைக்கோபதி என்ற மூன்றையும் ஒரே கட்டாக வைத்து 'டார்க் ட்ரையாட்' என்று பெயர் சூட்டியது அந்தக் கட்டுரைதான். தன்னைவிட உசத்தி யாருமில்லை என்ற நினைப்பு, காய் நகர்த்தியே காரியம் சாதிக்கும் புத்தி, அடுத்தவர் வலி உறைக்காத மனசு. மூன்றும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இருந்தாலும் ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். இங்கே பேசப்படுவது மனநோய் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு இல்லாமல் நம் நடுவே வேலைக்கு வந்துபோகும் ஆட்களிடம் கூடவும் குறையவும் இருக்கும் குணங்கள். இந்த மூன்றையும் 12 வாக்கியத்தில் அளக்கும் 'டர்ட்டி டஸன்' 2010ல் வந்தது, 27 வாக்கியத்தில் அளக்கும் 'ஷார்ட் டார்க் ட்ரையாட்' 2014ல் வந்தது. இந்த இரண்டாவதை இணையத்தில் யாரும் காசில்லாமல் எழுதிப் பார்க்கலாம். அப்புறம் 2018ல் மோஷகன், ஹில்பிக், ஸெட்லர் என்ற மூவர் ஒன்பது கெட்ட குணங்களை எடுத்து, அவற்றுக்கெல்லாம் அடியில் பொதுவாக ஒரே ஒரு வேர் இருக்கிறது, அடுத்தவருக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை என் காரியம் நடக்க வேண்டும், அதற்கு ஒரு நியாயமும் என்னிடம் உண்டு என்ற மனநிலைதான் அந்த வேர் என்று காட்டினார்கள். அதற்கும் இலவச டெஸ்ட் இருக்கிறது, நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கு இவை அருமையான கருவிகள். பெயர் போடாமல் ஆயிரக்கணக்கான மாணவர்கள் எழுதும்போது ஒருவரும் பொய் சொல்லக் காரணம் இல்லை. ஆனால் பதவி உயர்வுக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? ரகசியத்தை யாரிடமும் சொல்லாமல் இருப்பது புத்திசாலித்தனமா, முக்கியமான ஆட்களை எப்படியாவது நம் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டுமா, பழிவாங்கினால் சட்டென்று வாங்கிவிட வேண்டுமா என்கிற மாதிரிக் கேள்விகள். எந்தப் பதில் நல்ல பதில் என்று பள்ளிக்கூடப் பையனுக்கே தெரியும். சூழ்ச்சிக்காரனைப் பிடிக்க வைத்த கேள்வியில் சூழ்ச்சிக்காரன்தான் முதலில் தப்பிப்பான், வெள்ளந்தியாக உள்ளதை உள்ளபடி எழுதியவன் மாட்டிக்கொள்வான். ஆகவே ஹெச்.ஆர். நண்பர்களே, இலவசமாக இருக்கிறது என்று அதை இன்டர்வியூவில் நுழைக்காதீர்கள். ஆர்வத்துக்கு வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஹோகன் சர்வே இங்கேதான் வித்தியாசப்படுகிறது, எனக்குப் பிடித்ததும் இதுதான். இது யாரையும் கெட்டவன் என்று சொல்ல வருவதில்லை. அதிலுள்ள 11 குணங்களும் அளவோடு இருந்தால் ஒருவரை முன்னுக்குக் கொண்டுவந்த அதே குணங்கள், அளவு மீறும்போது அதே ஆளைக் கவிழ்க்கின்றன என்பதுதான் அடிப்படை. தன்னம்பிக்கை முற்றினால் 'போல்டு', தப்பை ஒத்துக்கொள்ளவே மாட்டார். துணிச்சல் முற்றினால் 'மிஸ்சிவஸ்', விதியை வளைப்பதில் ஒரு கிக். நாலு பேரைக் கவரும் பேச்சு முற்றினால் 'கலர்ஃபுல்', மீட்டிங் முழுக்க அவர் குரல்தான். புதுப்புது யோசனை முற்றினால் 'இமாஜினேட்டிவ்', வாரத்துக்கு ஒரு திட்டம், எதுவும் முடியாது. எதையும் எளிதில் நம்பாத ஜாக்கிரதை 'ஸ்கெப்டிகல்' ஆகிறது, உற்சாகம் 'எக்ஸைட்டபிள்' ஆகிறது, நிதானம் 'காஷியஸ்' ஆகிறது, தனித்திருக்கும் பழக்கம் 'ரிசர்வ்டு' ஆகிறது. இந்த 11ஐயும் மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்: பயம் வந்தால் மனிதர்களை விட்டு விலகிப் போகிறவர்கள், எதிர்த்து மோதுகிறவர்கள், அடிபணிந்து ஒட்டிக்கொள்கிறவர்கள். கேரன் ஹார்னி என்ற உளவியலாளர் முன்பே சொன்ன பிரிவு அது. 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் வெளியிட்ட ஆளுமைக் கோளாறுகளின் பட்டியலைப் பார்த்தால் இந்த 11க்கும் அங்கே ஒரு ஜோடி இருக்கும், ஆனால் டெஸ்ட் நோயைக் கண்டுபிடிப்பதற்கானது இல்லை என்று ஹோகன்காரர்களே தெளிவாகச் சொல்கிறார்கள்.

நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது 'லெஷர்லி', 'டியூட்டிஃபுல்' என்ற இரண்டைப் பற்றி. பத்திரிகையிலும் யூடியூபிலும் மோசமான தலைவர் என்றாலே நாசிஸ்ட், சைக்கோபாத் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்த அளவில், எங்கள் மாதிரிக் கம்பெனிகளில் ஒரு டீமை மெல்ல மெல்லக் கரைத்தவர்கள் அப்படிப் பளிச்சென்று தெரியும் ஆட்களே இல்லை. 'லெஷர்லி' அதிகம் உள்ள மேனேஜர் யாரிடமும் சண்டை போட மாட்டார், எது கேட்டாலும் "சரிப்பா, பண்ணிடலாம்" என்பார், ஆனால் தனக்குப் பிடிக்காத வேலை அவர் மேஜையை விட்டு நகராது. ஒரு ஆப்பரேட்டர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஷிஃப்ட் மாற்றிக் கேட்ட மனு வாரக்கணக்கில் கிடக்கும், கேட்டால் சிரித்த முகத்தோடு இன்னொரு "பண்ணிடலாம்" வரும். அந்த ஆப்பரேட்டர் யார்மேல் குறை சொல்வார்? மனுஷன் திட்டக்கூட இல்லையே. 'டியூட்டிஃபுல்' இன்னும் மோசம். எம்.டி. ஒரு தேதி சொன்னால், அந்தத் தேதிக்கு முடியாது என்று தெரிந்தே "முடிச்சிடலாம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து மூன்று ஷிஃப்ட் போட்டு, கீழே உள்ளவர்கள் முதுகில் அந்தத் தேதியை ஏற்றுகிறவர். மேலே இருப்பவர்களுக்கு இவரைப் போல நல்ல மேனேஜர் கிடையாது, மறுபேச்சே இல்லாதவர். கீழே இருப்பவர்களுக்கு, தங்களுக்காக ஒரு வார்த்தை பேசாதவர். இந்தக் குணத்தையும் தலைமைக்கு ஆகாத குணம் என்று பட்டியலில் சேர்த்ததற்காகவே இந்த டெஸ்டை நான் மதிக்கிறேன். மூன்று குணத்தோடு நிறுத்திக்கொண்ட டெஸ்டுகளில் இப்படிப்பட்டவர் பத்தரை மாற்றுத் தங்கமாக வெளியே வருவார்.

அறிக்கை எப்படி இருக்கிறது என்றால், படிக்க எளிது, படங்கள் தெளிவு, ஆனால் தனியாகப் படிக்கக் கூடாது. 1948ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு ஆளுமை டெஸ்ட் வைத்துவிட்டு, கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே பத்தியை எல்லோருக்கும் 'உங்கள் முடிவு' என்று கொடுத்தார். 39 பேர் போட்ட சராசரி மதிப்பெண் 5க்கு 4.26, அவ்வளவு பொருத்தமாம். எந்த ஆளுமை அறிக்கையைக் கையில் எடுத்தாலும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஹோகன் அறிக்கை அந்தப் புத்தகம் மாதிரி எல்லோருக்கும் பொருந்துவதை எழுதுவதில்லை, ஆளுக்கு ஆள் நிஜமாகவே வேறுபடுகிறது, சங்கடமான விஷயங்களையும் சொல்கிறது. இருந்தாலும் தனியாகப் படிக்கும் ஆள் பிடித்த வரியை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ளிவிடுவார். எதிரே ஒரு நல்ல ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்டால்தான் அது வேலை செய்கிறது.

எங்களிடம் ஒரு உற்பத்தி மேனேஜர், 'ஸ்கெப்டிகல்' உச்சத்தில் வந்தது. அறிக்கையை விளக்க வந்தவர் பாடம் எதுவும் நடத்தவில்லை, "கடைசியாக உங்களிடம் கெட்ட செய்தியைத் தானாக வந்து சொன்னது யார்?" என்று மட்டும் கேட்டார். அவர் ரொம்ப நேரம் யோசித்தார், ஒரு பெயரும் வரவில்லை. லைனில் ரிஜெக்‌ஷன் வந்தால் இவர் முதலில் கேட்பது "யார் பண்ணினது" என்பதுதான், அதனால் ஷிஃப்ட் முடியும்போது ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது அங்கே பழக்கமாகிவிட்டது, கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்த பிறகுதான் இவருக்கே தெரியவரும். தனக்கு எதிராக ஏதோ நடக்கிறது என்ற அவருடைய சந்தேகம் ஒருவகையில் உண்மையாகிவிட்டது, அதை உண்டாக்கியதும் அவரேதான். அதற்குப் பிறகு அவர் அடியோடு மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். காலை மீட்டிங்கில் "யார்" என்று கேட்பதை விட்டுவிட்டு "எப்போது ஆரம்பித்தது" என்று கேட்க ஆரம்பித்தார், சந்தேகம் உள்ளே இருந்திருக்கலாம், ஆனால் சூப்பர்வைசர்கள் வாய் திறந்தார்கள். குணம் மாறாவிட்டாலும் நடத்தை மாறும், அந்த அளவுக்கு இந்தப் பொருள் உதவியது. அந்த ஒரு உரையாடலுக்கே முழுச் செலவும் தகும் என்று நினைக்கிறேன்.

அந்தச் செலவில் பெரும்பங்கு டெஸ்டுக்கு அல்ல, விளக்கிச் சொல்பவரின் நேரத்துக்குத்தான் போனது. அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். முதலாவது, மதிப்பெண். 93 என்றால் நூற்றுக்கு 93 மார்க் இல்லை, ஒப்பிட எடுத்துக்கொண்ட கூட்டத்தில் 93 சதவீதம் பேரைவிட இந்தக் குணம் இவரிடம் தூக்கலாகத் தெரிகிறது என்று அர்த்தம். 90க்கு மேல் அதிக அபாயம், 70லிருந்து 89 வரை நடுத்தரம், 40க்குக் கீழே அபாயம் இல்லை என்று பிரித்திருப்பதைப் பார்த்ததும் மேலதிகாரிகள் கண் நேராக அதிக அபாயத்தைக் காட்டும் சிவப்புக்குத்தான் போகிறது. 40க்குக் கீழே இருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. ராபர்ட் கைசர், ஜேம்ஸ் லெப்ரெட்டன், ஜாய்ஸ் ஹோகன் மூவரின் பெயரில் 2015ல் வெளியான ஆய்விலேயே, சில குணங்களில் ரொம்பக் குறைவாக வாங்குவதும் தலைமைக்குக் கெடுதல் என்று வந்தது. 'போல்டு' அடிமட்டத்தில் உள்ளவர் எந்த முடிவும் எடுக்க மாட்டார், எதையும் நுணுக்கமாகப் பார்க்கும் குணமான 'டிலிஜென்ட்' அடிமட்டத்தில் உள்ளவர் எதையும் சரிபார்க்க மாட்டார். எங்களுக்கு அறிக்கைகளைக் கொடுத்த கன்சல்டன்சி, எழுதியவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்கு முன்பே எல்லா பி.டி.எஃப்.களையும் ஒரே கட்டாக நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டது. 'போல்டு' சிவப்பில் இருந்த ஒரு மெயின்டனன்ஸ் இன்ஜினியர் அந்த நிமிடமே பட்டியலிலிருந்து விழுந்தார். அவருக்குக் கீழே இருந்த எலெக்ட்ரீஷியன்களிடம் யாராவது கேட்டிருந்தால், மெஷின் பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்ன பெரியவரை எதிர்த்து லைனை நிறுத்திய ஒரே ஆள் அவர்தான் என்று சொல்லியிருப்பார்கள். அவருக்குப் பதிலாக, எதிலுமே உயரமில்லாத, துடைத்து வைத்த மாதிரி அறிக்கை உள்ள ஒருவர் வந்தார், வந்த கொஞ்ச நாளில் அந்தத் துறையிலிருந்து இடமாற்றம் கேட்டு ஆட்கள் என் மேஜைக்கு வர ஆரம்பித்தார்கள். இது டெஸ்டின் குறை இல்லை. வளர்ச்சிக்கென்று வாங்கிய ஒன்றை வடிகட்ட எடுத்துக்கொண்டதன் குறை. ஆனால் வாங்கும் கம்பெனிகளில் இது நடக்கத்தான் போகிறது, அதனால் சொல்கிறேன்.

இரண்டாவது, மொழி. எங்கள் ஆட்களுக்குக் கன்சல்டன்சி ஆங்கிலத்தில்தான் கொடுத்தது. டிப்ளமா முடித்து ஷாப் ஃப்ளோரிலிருந்து மேலே வந்தவர்கள் சில வாக்கியங்களை நேர் எதிராகப் புரிந்துகொண்டு எழுதியிருந்தார்கள். வாங்கும்போதே உங்கள் ஆட்களுக்கு எந்த மொழியில் கிடைக்கும் என்று கேளுங்கள், தமிழில் இல்லையென்றால் யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதுதான் பெரிது. இந்த வகை டெஸ்டை வைத்து மோசமான தலைவரைத் தடுக்க முடியாது என்று ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? ஏனென்றால் சிக்கல் டெஸ்டில் இல்லை, நாம் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. எமிலி கிரிஹால்வாவும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு 2015ல் வெளியிட்டார்கள். நாசிசம் உள்ளவர்கள் தலைவராக மேலே வர வாய்ப்பு அதிகம், அதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்களுடைய கலகலப்பான, முன்னால் வந்து பேசும் சுபாவம். ஆனால் வந்த பிறகு நன்றாகத் தலைமை தாங்குகிறார்களா என்று பார்த்தால், மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை செய்பவர் யார் கணக்கிலும் தொடர்பு இல்லை. தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளும்போது மட்டும் அருமையாக இருக்கிறது. 2019ல் லாண்டே, ஹார்ம்ஸ், க்ரெடே மூவரும் சைக்கோபதிக்கு இதையே செய்தார்கள். மேலே வருவதற்குக் கொஞ்சம் உதவுகிறது, திறமையாகத் தலைமை தாங்குவதற்குக் கொஞ்சம் இடைஞ்சலாக இருக்கிறது, இரண்டுமே சிறிய அளவில்தான் என்று வந்தது. அந்த 'சிறிய அளவில்' என்பதைக் கவனியுங்கள், உலகத்தில் உள்ள முதலாளிகள் எல்லாம் சைக்கோபாத் என்று பரபரப்பாக எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பால் பேபியாக், ராபர்ட் ஹேர், க்ரெய்க் நியூமன் மூவரின் 2010 ஆய்வு இன்னும் கிட்டத்தில் வருகிறது. கம்பெனிகள் 'நாளைய தலைவர்கள்' என்று பயிற்சிக்கு அனுப்பிய 203 பேரை, கேள்வித்தாளை நம்பாமல், சைக்கோபதியை அளக்க ஹேர் உருவாக்கிய மதிப்பீட்டுப் பட்டியலை வைத்தே எடைபோட்டார்கள். சுமார் 4 சதவீதம் பேர், மருத்துவ ஆராய்ச்சியில் சைக்கோபதி என்று கணக்கில் எடுக்கும் 30 புள்ளியைத் தொட்டார்கள். இது கம்பெனிகளே பொறுக்கி அனுப்பிய கூட்டம் என்பதால், எல்லா மேனேஜர்களிலும் 4 சதவீதம் என்று இதை நீட்டக் கூடாது. எனக்கு அதில் உறைத்தது வேறு. மதிப்பெண் கூடியவர்களுக்கு அவரவர் கம்பெனியில் பேச்சுத்திறன், புதுமை, தொலைநோக்கு எல்லாவற்றிலும் நல்ல பெயர். ஆட்களை நிர்வகிப்பது, டீமோடு சேர்ந்து போவது, உருப்படியாகச் செய்து முடித்தது ஆகியவற்றில் மோசமான பெயர். இரண்டும் கம்பெனிக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் அவர்கள் நாளைய தலைவர்கள் பட்டியலில்தான் இருந்தார்கள். ஏற்கெனவே கையில் இருந்த தகவலையே பயன்படுத்தாத கம்பெனிக்கு இன்னொரு டெஸ்ட் வாங்கிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

தெரனோஸ் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இந்தக் கோணத்தில் ஒருமுறை பாருங்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லா டெஸ்டும் எடுக்கலாம் என்று சொல்லி எலிசபெத் ஹோம்ஸ் 2003ல் ஆரம்பித்த கம்பெனி. இயக்குநர் குழுவில் ஜார்ஜ் ஷல்ட்ஸ், ஹென்றி கிஸ்ஸிஞ்சர் என்று அமெரிக்காவின் இரண்டு முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள், பின்னால் பாதுகாப்பு அமைச்சரான ஜேம்ஸ் மாட்டிஸ். வாழ்நாள் முழுக்க ஆட்களை எடைபோட்டே பழகியவர்கள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண்டுபிடித்தது யார்? கல்லூரி முடித்து லேபில் வேலைக்குச் சேர்ந்த டைலர் ஷல்ட்ஸ், எரிக்கா சியுங் என்ற இரண்டு இளம் ஊழியர்கள். அதில் டைலர், குழுவில் இருந்த அதே ஜார்ஜ் ஷல்ட்ஸின் சொந்தப் பேரன். அவர் ஹோம்ஸுக்கே எழுதினார், பதிலாக அவமானம் கிடைத்தது, 2014ல் வேலையை விட்டார். தாத்தாவிடம் சொன்னபோது தாத்தா நம்பியது ஹோம்ஸைத்தான். 2015ல் பத்திரிகையில் வெளிவந்து, முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022 ஜனவரியில் ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அதே ஆண்டு நவம்பரில் 11 ஆண்டு 3 மாதம் சிறை விதிக்கப்பட்டது. அவருடைய ஆளுமை இன்னது என்று முத்திரை குத்த எனக்குத் தகுதி இல்லை, அது இங்கே தேவையும் இல்லை. மேலேயிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியாதது, கீழே இருந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் தெரிந்துவிட்டது, அதைச் சொன்னபோது சொந்த வீட்டிலேயே செல்லவில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் இதே காட்சியைச் சின்ன அளவில் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் அடிக்கடி பார்க்கிறேன்.

அதனால்தான், கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், டெஸ்டை விட்டுவிட்டுக் கீழே உள்ளவர்களைக் கேட்பதற்குச் செலவு செய்யுங்கள் என்கிறேன். ஒருவரைப் பற்றி மேலே, பக்கத்தில், கீழே உள்ள எல்லோரிடமும் கருத்துக் கேட்கும் 360 டிகிரி ஃபீட்பேக் என்ற பெயரில் ஆங்கிலப் படிவம் அனுப்பினால் ஒன்றும் வராது, சார் பற்றி எழுத்தில் யாரும் எழுத மாட்டார்கள், எழுதினால் யார் எழுதியது என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், தமிழில், பேச்சாகக் கேட்க வேண்டும். குறைந்தது ஐந்து பேர் சொன்னதைச் சேர்த்துத்தான் வெளியே கொடுக்க வேண்டும். தப்பு நடந்ததை அவரிடம் சொன்னால் என்ன ஆகும், உங்கள் யோசனையை எம்.டி. முன்னால் யார் பெயரில் சொல்வார், கஸ்டமர் முன்னால் நீங்கள் மாட்டிக்கொண்டபோது அவர் எங்கே நின்றார், வேறு கம்பெனிக்கு அவர் போனால் கூடப் போவீர்களா என்று கேட்டாலே போதும். வேலையை விட்டுப் போனவர்களையும் கேளுங்கள், அவர்களுக்குப் பயம் கிடையாது. ஒருவருக்குக் கீழே மட்டும் ஆட்கள் நிற்காமல் போகிறார்களா, இடமாற்றம் கேட்கிறார்களா என்பது உங்கள் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. கண்டிப்பான மேனேஜருக்குக் கெட்ட பெயரும், எதையும் கண்டுகொள்ளாதவருக்கு நல்ல பெயரும் கிடைக்கலாம், சொந்த ஊர், சொந்தச் சாதி என்று ஒரு கூட்டம் சேர்ந்து ஒருவரைத் தூக்கிவிடவோ கவிழ்க்கவோ பார்க்கலாம். அதனால் ஒரே கூட்டத்தைக் கேட்காமல், வேறு வேறு ஷிஃப்ட், வேறு வேறு பின்னணி, கான்ட்ராக்ட் தொழிலாளி உட்பட எல்லோரையும் கேட்டு, எல்லோர் வாயிலிருந்தும் வரும் ஒரே விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் இரண்டுக்கும் இருக்கிறது என்றால், முதலில் கீழே கேட்டு ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பதவி கொடுத்த பிறகு அவருக்கு ஹோகன் சர்வேயை ஒரு உதவியாகக் கொடுங்கள், பதவி போய்விடும் என்ற பயம் இல்லாதபோது உண்மையாக எழுதுவார். விற்க வருகிறவரிடம், விளக்கிச் சொல்லப்போகிறவர் ஹோகனின் சான்றிதழ் பெற்றவரா, ஒருவரோடு தனியாக எவ்வளவு நேரம் உட்காருவார், சில மாதம் கழித்துத் திரும்ப வருவாரா என்று கேளுங்கள். "எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஹாலில் விளக்கிவிடுகிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டெஸ்ட் எழுதப் போகிறவர் நீங்கள் என்றால் ஒன்றே ஒன்று. மெயிலில் லிங்க் வந்ததும் கிளிக் செய்யாதீர்கள். என் அறிக்கையை யார் யார் பார்ப்பார்கள், எனக்கு முன்னால் பார்ப்பார்களா, பதவி உயர்வு முடிவில் இது சேருமா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு எழுதுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.